பயன்படுத்திய துணி விற்கும் கடையில் நல்ல துணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் துணியின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்துவிடுவேன். அதன் உண்மையான வயது அங்கேதான் தெரியும். அக்குள், கழுத்துப்பட்டியின் மடிப்பு, கால்சட்டையின் தொடையிடுக்கு ஆகியவைதான் பெரும்பாலும் முதலில் நைந்துபோகும். அந்த இடங்களை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மற்ற பகுதிகளைவிட அங்கே அதிக ஒளி ஊடுருவினால் இழைகள் தேய்ந்துவிட்டன என்று பொருள், வாங்க வேண்டாம். அக்குளில் பழைய மஞ்சள் கறை இருந்தாலும் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள், அது எளிதில் போகாது.

பொத்தான் விழுந்திருப்பதையோ ஓரத்தையல் விட்டிருப்பதையோ நான் குறையாகவே எண்ணுவதில்லை. ஊசியும் நூலும் போதும். ஜிப் பழுதானால் செலவு கூடும். இழுத்தால் நீளும் துணியை இழுத்துவிட்டுப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அளவுச் சீட்டை நம்பாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும், பழைய துணி சுருங்கியும் இருக்கலாம். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் சட்டையின் மார்பளவையும் தோளளவையும் குறித்துக்கொண்டு, அளவுநாடாவுடன் செல்லுங்கள். பலமுறை துவைத்த பருத்தியில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு: சுருங்க வேண்டியது பெரும்பாலும் சுருங்கி முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டைகளும் அழியும். கம்பளியை அப்படித் துவைக்கக் கூடாது. காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள்.