டெல்லிக் குளிரில் கறிவேப்பிலை உதிர்ந்தால்

செடியைப் பிடுங்காதீர்கள், உரமும் போடாதீர்கள். தண்ணீரை மட்டும் குறையுங்கள். மயூர் விகார் பால்கனியில் தொட்டிக் கறிவேப்பிலை டிசம்பர் கடைசியிலிருந்து மஞ்சளாகி உதிர்கிறது, தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறேன் என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொம்பின் மேல்தான் சந்தேகம்.

இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்கினால் கறிவேப்பிலை தூங்கப் போய்விடும். வேர் அதிகம் உறிஞ்சாது. பனிமூட்டத்தில் வெயிலும் இல்லை, மண் எப்படிக் காயும்? ஊரில் மார்கழியிலும் தழைத்து நிற்குமே என்று ஒப்பிட வேண்டாம், அந்தக் குளிர் வேறு.

நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அப்புறம் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

தொட்டியைத் தெற்கு வெயில் படும் சுவரோரம் நகர்த்தி, அடியில் செங்கல் வையுங்கள். நுனி கிள்ளுவது, புளித்த மோர் ஊற்றுவதெல்லாம் ஹோலி நெருங்கும்போது.

ஒன்று: அடித்தண்டு பழுப்பாகி, அழுத்தினால் அமுங்கினால் அது வேரழுகல். அப்போது காத்திருக்காமல் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள்.