ஓநாய், கன்று, அதிகாரி: ஒரு மாட்டு டாக்டரிடம் கேட்டவை

அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் ஓநாய் மாடு அடிப்பதும், அதை வைத்துப் பண்ணைக்காரர்களும் வனவிலங்கு அதிகாரிகளும் மோதிக்கொள்வதும் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கொலராடோவின் மேற்குப் பக்கத்தில் மாட்டு வைத்தியம் பார்ப்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டாலஸிலிருந்து ஒருவர்: இந்த ஓநாய்கள் எப்போதும் அங்கே இருந்தவையா? அரசு கொண்டுவந்து விட்டதாகப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்களே?

இரண்டுமே உண்மை. ஒரு காலத்தில் மேற்கு முழுக்க ஓநாய் இருந்தது. காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்து அந்த இடத்தில் மாடு வந்ததும், ஓநாய் மாட்டின் பக்கம் திரும்பியது. அப்போது அரசும் பண்ணைக்காரரும் ஒரே பக்கம்தான். அரசே ஆள் வைத்து, பொறி வைத்து, விஷம் வைத்துக் கொன்றது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே 1926-இல் கடைசி ஓநாய்களும் போய்விட்டன.

1973-இல் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஓநாய் அந்தப் பட்டியலில் ஏறியது. 1995, 1996-இல் கனடாவில் பிடித்த 31 ஓநாய்களை யெல்லோஸ்டோனிலும் 35-ஐ மத்திய இடாஹோவிலும் விட்டார்கள். மொன்டானாவின் வடமேற்கு மூலைக்கு மட்டும் அதற்கு முன்பே தாமாக நடந்து வந்திருந்தன. மற்றபடி ஓரிகன், கலிபோர்னியா வரை போனவற்றில் பெரும்பாலானவை இப்படி விடப்பட்டவற்றின் வழிவந்தவை. தாத்தா ஓநாயைக் கொன்றதற்குப் பரிசுப்பணம் வாங்கினார், பேரன் கொன்றால் ஜெயில். ஒரே குடும்பம், ஒரே நிலம். இங்குள்ள கோபத்தின் அடி அதுதான்.

நாமக்கல் கால்நடை மருத்துவ மாணவி: சார், செத்துக் கிடக்கும் கன்றைப் பார்த்து ஓநாய்தான் அடித்தது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

எல்லாச் சண்டையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடித்துத் தின்ற கன்று என்பதாலேயே ஓநாய் கொன்ற கன்று ஆகிவிடாது. நிமோனியாவில் செத்த கன்றையும் ஓநாய் தின்னும், கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நரி போன்ற விலங்கு) தின்னும், காக்கையும் கழுகும் தின்னும். உயிரோடு இருக்கும்போது கடி விழுந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குத் தோலை உரிக்க வேண்டும். வெளியே ரோமத்தின் மேல் நாலு துளை மட்டும்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. கடி இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில் ரோமத்தை மழித்துவிட்டு, தோலைப் பிரித்து உள்பக்கம் திருப்பிப் பார்ப்போம். இதயம் துடித்துக்கொண்டிருந்தபோது விழுந்த கடி என்றால் சதையில் ரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாக, கூழ் போல நசுங்கியிருக்கும். செத்தபின் கடித்தது என்றால் சதை வெளிறிக் கிடக்கும், துளைகள் காய்ந்திருக்கும்.

அடுத்தது கடி விழுந்த இடம். ஓநாய் ஓட ஓடக் கடிக்கும். பின்னந்தொடை, விலா, முன்னங்காலின் அக்குள், வால் என்று பல இடத்தில் கடி இருக்கும். மலைச்சிங்கம் (பூமா) கழுத்தையோ பிடரியையோ பிடிக்கும், இழுத்துப்போய் மண்ணும் சருகும் போட்டு மூடும். கரடி என்றால் முதுகில் நகக்கீறல் இருக்கும். கயோட்டிக்குக் கோரைப்பற்களின் இடைவெளி குறைவு. ஓநாய்க்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வரும். கூடவே சுற்றுமுற்றும் கால்தடம், துரத்திய தடம், முறிந்த புதர், கழுத்துப்பட்டை போட்ட ஓநாய் என்றால் அன்றிரவு அது எங்கே இருந்தது என்ற ஜிபிஎஸ் பதிவு எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

இவ்வளவும் தெரிய உடல் புதிதாக இருக்க வேண்டும். ஜூலை வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் தோலும் எலும்பும்தான் மிஞ்சும். அதிகாரியும் நேர்மையாகத்தான் 'உறுதி செய்ய முடியவில்லை' என்று எழுதுவார், அதைப் பண்ணைக்காரர் 'நீ பொய் சொல்கிறாய்' என்று படிப்பார். இழப்பீடும், ஓநாயைச் சுடும் அனுமதியும் அந்த ஒரு வரியில்தான் தொங்குகின்றன. நான் பார்த்தவரை அதிகாரி எவ்வளவு சீக்கிரம் வந்தார் என்பதைப் பொறுத்துத்தான் பாதிச் சண்டை.

திருச்சியிலிருந்து ஒருவர்: சாகும் மாடுகளில் ஓநாய் அடிப்பது ஒரு சதவீதம்கூட இல்லை என்று படித்தேன். பிறகு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

அந்தக் கணக்கு சரிதான். சளி, கழிச்சல், பனிப்புயல், கன்று ஈனும்போது வரும் சிக்கல் ஆகியவற்றால் சாவதுதான் மிக அதிகம். ஆனால் அந்தச் சராசரியில் ஓநாயே இல்லாத மாநிலங்களின் மாடுகளும் சேர்ந்திருக்கின்றன. ஓர் ஓநாய்க் கூட்டம் ஒரு பள்ளத்தாக்கில் தங்கிவிட்டால் அங்கே உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள்தான் மொத்தத்தையும் தாங்க வேண்டும்.

அப்புறம், எண்ணப்படாத இழப்பு. இடாஹோவின் சால்மன் பகுதியில், காட்டு மேய்ச்சலுக்குப் போன கன்றுகளுக்கு ரேடியோ கருவி மாட்டி ஆராய்ந்தார்கள். 2003-இல் வந்த முடிவின்படி, ஓநாய் அடித்ததாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு கன்றுக்கும் எட்டு கன்றுகள் வரை கண்ணில் படாமலே போயிருக்கலாம். கரடுமுரடான காட்டில் எடுத்த கணக்கு அது. எல்லாப் பண்ணைக்கும் அதே பெருக்கலைப் போடக் கூடாது. ஆனாலும் இலையுதிர் காலத்தில் மாட்டைக் கீழே இறக்கும்போது பத்துக் கன்று குறைந்து, கையில் ஒரே ஒரு சடலத்துக்கான சான்று இருக்கும் ஆளின் நிலைமையை அது விளக்குகிறது.

இன்னொன்று எடை. மேற்கு மொன்டானாவில் 18 பண்ணைகளின் பல ஆண்டுக் கணக்கை எடுத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓநாய் அடித்தது உறுதியான பண்ணைகளில் மிச்சமிருந்த கன்றுகளின் சராசரி எடை 22 பவுண்டு, அதாவது 10 கிலோ குறைந்தது. 300 கன்று விற்பவருக்கு அது 3,000 கிலோ. கவனியுங்கள், ஓநாய் பக்கத்தில் திரிந்தும் மாட்டைத் தொடாத பண்ணைகளில் இந்தக் குறைவு இல்லை. ஓநாய் இருப்பதாலேயே நஷ்டம் என்று சொல்பவர்களுக்கும், செத்த மாட்டுக்குக் காசு கொடுத்தால் முடிந்தது என்று சொல்பவர்களுக்கும் அந்த ஆய்வு ஒரே நேரத்தில் பதில் சொல்கிறது. துரத்தப்பட்ட மாடு சரியாக மேயாது, சினை பிடிக்காது, சில சமயம் கன்று வீசிவிடும்.

கொலராடோ இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு சட்டம் எழுதியிருக்கிறது. ஒரு விலங்குக்கு 15,000 டாலர் வரை கிடைக்கும். காணாமல் போன கன்று, குறைந்த எடை இவற்றுக்கும் கணக்குக் காட்டிக் கேட்கலாம். 2025-இல் இங்குள்ள கிராண்ட் கவுன்டி (மாவட்டம்) பண்ணைகளுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள்.

கோவையிலிருந்து ஒரு வழக்கறிஞர்: பண்ணைக்காரர் தானே சுட்டுவிட்டால்?

எந்த மாநிலத்தில், கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றமே பட்ஜெட் மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்து மொன்டானா, இடாஹோ ஓநாய்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வயோமிங்கின் ஏறக்குறைய 85 சதவீத நிலத்தில் ஓநாயை எப்போது வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் கொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு மூன்றில் ஒரு பங்கில் மாநிலச் சட்டம், மிச்சத்தில் மத்தியச் சட்டம். கொலராடோவில் ஓநாய்களைச் 'சோதனை முறையில் விடப்பட்டவை' என்று கருதும் தனி விதி இருக்கிறது. மாட்டை அடித்துக்கொண்டிருக்கும்போது நேரில் கண்டால் சுடலாம், ஆனால் அதற்கான தடயம் இருக்க வேண்டும், உடனே தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் மறுநாள் தேடிப்போய்ச் சுட்டால் குற்றம்.

சட்டம் தெளிவில்லாத இடத்தில் ஜனங்கள் சத்தமில்லாமல் சுட்டுப் புதைத்துவிடுகிறார்கள். மேற்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஓநாயை நேசிப்பவர்கள்தான் முதலில் கவலைப்பட வேண்டிய விஷயமும்கூட.

சென்னையிலிருந்து ஒருவர்: மாடடிக்கும் ஓநாய்க் கூட்டத்தை அரசே சுட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

வடகிழக்கு வாஷிங்டனைப் பாருங்கள். 2012-இல் வெட்ஜ் என்ற ஓநாய்க் கூட்டத்தை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். சில ஆண்டுகளில் அதே இடத்தில் வேறு ஓநாய்கள் குடியேறின. 2016-இல் புரொஃபனிட்டி பீக் கூட்டத்தில் ஏழு ஓநாய்களைச் சுட்டார்கள். 2019-இல் அதே வட்டாரத்தில் இன்னொரு கூட்டம் முழுவதும் போனது. நல்ல இடம் காலியானால் ஓநாய் வரும்.

அதற்காகச் சுடுவதால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மொன்டானா, இடாஹோ, வயோமிங் தரவுகளை வைத்து 2015-இல் வந்த ஆய்வின்படி, ஒன்றும் செய்யாவிட்டால் பாதிக்குப் பாதி இடங்களில் அடுத்த தாக்குதல் 19 நாளுக்குள் வந்தது. கூட்டத்தில் சிலவற்றை எடுத்தால் 64 நாள், முழுக் கூட்டத்தையும் எடுத்தால் 730 நாள். சுட்டால் அடுத்த ஆண்டு தாக்குதல் கூடும் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே தரவை வைத்து வேறு ஆய்வாளர்கள் 2016-இல் நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். ஆகவே யாராவது 'அறிவியல் இப்படித்தான் சொல்கிறது' என்று அடித்துப் பேசினால் எந்த ஆய்வு என்று கேளுங்கள்.

வாஷிங்டனில் இப்போது விதி இருக்கிறது: 30 நாளில் மூன்று தாக்குதல் அல்லது 10 மாதத்தில் நான்கு, அதோடு பண்ணைக்காரர் தடுப்பு முறைகளைச் செய்திருக்க வேண்டும், அப்போதுதான் சுடுவது பற்றிய பேச்சே. விதி பிடிக்காதவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் விதி என்னவென்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்க பக்கம் ராத்திரி கிடை போட்டு, ஆளும் நாயும் காவல் இருப்போம். அங்கே அப்படிச் செய்ய மாட்டார்களா?

ஆட்டுக்குச் செய்கிறார்கள், தம்பி. இடாஹோவின் வுட் ரிவர் பகுதியில் 2008 முதல் அதைத்தான் செய்தார்கள். மேய்ப்பர்கள் மந்தையோடு தங்கினார்கள், காவல்நாய்கள் கூடின, ராத்திரி மந்தையை ஒடுக்கி நிறுத்தினார்கள், விளக்கும் சத்தமும் வைத்தார்கள். ஏழு ஆண்டுக் கணக்கில், இந்த முறை இல்லாத பக்கத்துப் பகுதியில் ஓநாயிடம் போன ஆடுகள் மூன்றரை மடங்கு அதிகம்.

மாடு வேறு கதை. ஒரு குடும்பத்தின் மாடுகள் கோடையில் பல ஆயிரம் ஏக்கர் மலைக்காட்டில் சிதறி மேயும். தினமும் அடைக்க முடியாது. கன்று ஈனும் காலத்தில் வீட்டுப்பக்கத்துச் சின்ன வயலில் இருக்கும்போது சிவப்புத் துணிக் கீற்றுகள் தொங்கும் கயிற்றைச் சுற்றிக் கட்டலாம். ஓநாய் அதைக் கண்டு தயங்கும், ஆனால் இரண்டு மாதம் போனால் பழகிவிடும். செத்த மாட்டை உடனே அப்புறப்படுத்துவது இதைவிட முக்கியம்; பிணக்குழிதான் ஓநாயை மாட்டிடம் கூட்டிவருகிறது. கோடையில் குதிரையேறி மந்தையைச் சுற்றிவரும் ஆட்கள் உண்டு, நல்ல பலன் தருகிறார்கள், ஆனால் அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பது ஒவ்வொரு ஆண்டும் கேள்விதான்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: அரசு நிலத்தில்தானே மேய்க்கிறார்கள்? அதுவும் அடிமாட்டு விலைக்கு?

பல இடங்களில் ஆமாம். 2019 முதல் 2025 வரை ஒரு தாய்மாடும் கன்றும் ஒரு மாதம் மேய 1.35 டாலர். பொதுநிலத்தில் ஓநாயையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிராண்ட் கவுன்டியில் பல கன்றுகள் செத்தது சொந்த நிலத்தில், வீட்டு வயலில்.

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா: கொலராடோவில் மக்களே வாக்களித்துத்தானே ஓநாயை விட்டார்கள்? பிறகு ஏன் தகராறு?

வாக்களித்தது யார், ஓநாய் வந்தது யார் வீட்டுக்கு என்று பாருங்கள் அம்மா. 2020 நவம்பரில் ஏறக்குறைய 51 சதவீதத்தில் நிறைவேறியது. டென்வர், போல்டர் பக்கத்து வாக்குகள் அதைத் தூக்கிவிட்டன. ஓநாயை விடச் சொன்னது மலைக்கு இந்தப்பக்கம், எங்கள் மேற்குச் சரிவில்.

2023 டிசம்பரில் ஓரிகனிலிருந்து பத்து ஓநாய்கள் வந்தன. 2024 ஏப்ரலில் கிராண்ட் கவுன்டியில் ஒரு ஜோடி மாடடிக்கத் தொடங்கியது. பண்ணைக்காரர்கள் ஆண் ஓநாயைச் சுட அனுமதி கேட்டார்கள். பெண் குட்டி போட்டிருக்கிறது, ஆண் போனால் குட்டிகள் பிழைக்காது என்று மாநில வனவிலங்குத் துறை மறுத்தது. ஓநாய்களை விட்டபின் உருவான முதல் கூட்டம் என்ற நெருக்கடி துறைக்கு இருந்தது. கோடை முழுக்கத் தாக்குதல் தொடர்ந்தது. கடைசியில் அந்த ஜோடியையும் நான்கு குட்டிகளையும் பிடித்தார்கள். ஆண் ஓநாய் அடைப்பில் செத்தது, பரிசோதனையில் அதன் உடலில் துப்பாக்கிக் காயம் தெரியவந்தது. பெண்ணையும் குட்டிகளையும் 2025 ஜனவரியில் பிட்கின் கவுன்டியில் விட்டார்கள். மே மாதம் அதே குடும்பத்தின் இளம் ஆண் ஒன்றை, மாடடித்ததற்காகத் துறையே சுட்டது.

ஏப்ரலில் ஓர் ஓநாயை எடுத்திருந்தால் பல கன்றுகளும் மிஞ்சியிருக்கும், ஊராருக்குத் துறைமேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். துறையில் வேலை செய்யும் இளைஞர்களை எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தாலும் வருபவர்கள். முடிவு அவர்கள் கையில் இல்லை, திட்டு மட்டும் அவர்களுக்கு.

கிரான்பி பக்கத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்: ஐந்து ஏக்கர் வாங்கிக் கொஞ்சம் ஆடு வைத்திருக்கிறோம். நாங்கள் என்ன செய்ய?

இருட்டுமுன் கொட்டகையில் அடையுங்கள், கதவை வெறும் கொக்கி போட்டு விடாதீர்கள். சுற்றி மின்வேலி போடுங்கள். ஒற்றை நாயை ராத்திரி வெளியே விடாதீர்கள். ஓநாய்க்கு அது எதிரி. செத்த ஆட்டை வயல் ஓரத்தில் போடாதீர்கள். தடுப்புக்குத் துறையிடமே உதவி கேட்கலாம்.

காலையில் ஆடு செத்துக் கிடந்தால் நகர்த்தாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி ஓரங்களில் கல் வையுங்கள், நாயைக் கட்டுங்கள், ஈரமண்ணில் தடம் இருந்தால் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அன்றைக்கே கொலராடோ வனவிலங்குத் துறைக்குப் போன் செய்யுங்கள். தோலை உரிக்கும்போது கூடவே நின்று பாருங்கள், ரத்தம் கட்டிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.