ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 3.5 யார்டு மட்டுமே எடுக்கும் இளம் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ரன்னிங் பேக்கை, அதாவது பந்தோடு ஓடும் வீரரை, கைவிடலாமா?

அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். லீவியான் பெல் 2013-இல், முதல் சீசனில், 244 ஓட்டங்களில் 860 யார்டு எடுத்தார், சராசரி 3.5. மறு ஆண்டே 1,361 யார்டு, சராசரி 4.7. ஐம்பது அறுபது ஓட்டங்கள் என்றால் சராசரிக்கு மதிப்பே குறைவு: 50 ஓட்டங்களில் ஒரே ஒரு 60 யார்டு ஓட்டம் அதை ஒரு யார்டுக்கு மேல் உயர்த்திவிடும்.

அவருக்கு வழி திறக்கும் சக வீரர்களான தடுப்பு வரிசைமேல் பழிபோடுவது சுலபம். அது சரியா என்று பார்க்க, அதே வரிசைக்குப் பின்னால் ஓடும் சக வீரரோடு ஒப்பிடுங்கள். 2012 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) மூன்றாவதாகத் தேர்வான டிரென்ட் ரிச்சர்ட்சனை மறு ஆண்டு கோல்ட்ஸ் அணி முதல் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து வாங்கியது. அந்த அணிக்காக 157 ஓட்டங்களில் 458 யார்டுதான், சராசரி 2.9. அதே அணியில் டொனால்ட் பிரவுன் 102 ஓட்டங்களில் 537 யார்டு எடுத்தார், சராசரி 5.3. இதற்குப் பிறகு வரிசையைக் குறை சொல்ல முடியுமா?

பிறகு வீடியோ. எதிராளி தொடும் முன் கிடைத்த யார்டையும் தொட்ட பின் கிடைத்ததையும் பிரித்துப் பாருங்கள். தொட்ட பின் நன்றாக எடுக்கிறார், முன்னால் இடமே இல்லை என்றால் பொறுங்கள். இடைவெளி திறந்திருந்தும் கால் தடுமாறி நின்று, தடுப்பாளரின் முதுகிலேயே மோதுகிறாரா? அது இடைவெளியைக் கண்டுகொள்ளும் திறனில் உள்ள குறை. பயிற்சியில் எளிதில் மாறாது. பாஸ் பாதுகாப்பில் (பந்தை எறியும் வீரரைக் காப்பதில்) பிளிட்ஸை, அதாவது அவரை நோக்கிக் கூடுதலாகப் பாயும் எதிராளிகளை, தவறவிடுவது அப்படியல்ல, பெரும்பாலும் கற்றுக்கொள்ளக்கூடியது.