பாக்கெட்டில் மாட்டிக்கொள்ளும் சுண்டுவிரல்

கேள்வி: வயது 44. கணக்கு எழுதும் வேலை. ஒரு வருடமாக கிளாசிக்கல் கிட்டார் கற்கிறேன். இடது காலுக்கு அடியில் வைக்கும் ஃபுட் ஸ்டூல் முதுகுக்கு ஒத்துவரவில்லை என்று, கிட்டாரின் ஒலித்துளையில் கொக்கி மாட்டும் ஸ்ட்ராப் ஒன்றை வாங்கினேன். வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் ஒன்றரை மணி நேரம் வாசிப்பேன். மூன்று மாதமாக வாசிக்கும்போது இடது தோளும் கையும் வலிக்கின்றன. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. அலுவலகத்தில் மூன்று மாடி ஏறும்போது ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினால் மாரடைப்பு, கழுத்து எலும்புத் தேய்மானம், பெயர் வாயில் நுழையாத நோய்கள் என்று வருகிறது. என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். மூன்று வாரமாக மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரையும் நரம்பு மாத்திரையும் சாப்பிடுகிறேன், முழங்கைக்கு பெல்ட் போட்டிருக்கிறேன். கழுத்தில் சொடக்குச் சத்தம் வேறு. விரல் நுனி காய்த்துவிட்டது. தோல் ஸ்ட்ராப் நல்லதா, நைலானா? கிட்டாரில் துளை போட்டு ஸ்ட்ராப் பட்டன் பொருத்தலாமா? கிட்டாரையே விட்டுவிட வேண்டுமா? பி.கு: சுண்டுவிரல் இப்போதெல்லாம் தனியாக விலகி நிற்கிறது. பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் அது மட்டும் வெளியே மாட்டிக்கொள்கிறது என்று மகள் கேலி செய்கிறாள்.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பின்குறிப்பில் எழுதியதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் நீங்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் ராத்திரி தூங்காமல் யோசிக்கும் விஷயத்தை முடித்துவிடலாம்.

மூன்று மாடி ஏறும்போது வராத வலி, நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரைத் தொட்டால் வருகிறது. கூடவே குறிப்பாக இரண்டு விரல் மட்டும் மரத்துப்போகிறது. இது இதயத்தின் குணம் இல்லை. நெஞ்சில் பாரம், அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல் என்று எப்போதாவது வந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அது வேறு கதை. ஆனால் அப்பா 52-இல் போனதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு இ.சி.ஜி எல்லாம் பார்த்துவைப்பது நல்லது. கை வலிக்காவிட்டாலும் பார்க்க வேண்டியதுதான் அது.

கழுத்துச் சொடக்கு வலியில்லாமல் வந்தால் ஒன்றும் இல்லை. விரல் நுனி காய்க்காவிட்டால்தான் நீங்கள் சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று அர்த்தம். பெயர் வாயில் நுழையாத நோய்கள் நுழையாமலே இருக்கட்டும்.

இப்போது சுண்டுவிரல். முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்தால் கரண்ட் அடித்த மாதிரி விரல் வரை ஓடுமே, அங்கே தோலுக்கு அடியிலேயே அல்நார் நரம்பு போகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். நீங்கள் எழுதிய மரத்துப்போதலுக்கு அது பதில். ஆனால் அந்த நரம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் இருக்கின்றன. சுண்டுவிரலை மோதிர விரலோடு சேர்த்து இழுப்பது அப்படி ஒரு தசை. வெளியே விலக்குகிற தசை ஒன்றுக்கு வேறு நரம்பு. உள்ளே இழுப்பவன் சோர்ந்துவிட்டால் வெளியே இழுப்பவன் கை ஓங்கும், விரல் தனியாக நிற்கும். பாக்கெட்டில் மாட்டும். உங்கள் மகள் கேலியாகச் சொன்னதை நாங்கள் மருத்துவக் கல்லூரியில் வார்டன்பர்க் அடையாளம் என்று மனப்பாடம் செய்தோம்.

மரத்துப்போவது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். முழங்கையை மடக்கி வைக்காதீர்கள், சில வாரம் பாருங்கள் என்று முடித்திருப்பேன். பலம் குறைந்திருக்கிறது என்பதால்தான் அவசரம். நசுங்கிய நரம்பிழை மறுபடி வளர்ந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசை வரை 25, 30 சென்டிமீட்டர். கணக்கு வேலை பார்ப்பவர் நீங்கள், போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம். அத்தனை நாள் நரம்பில்லாமல் கிடந்த தசை மெலிந்துவிட்டால், பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பழைய தசை கிடைப்பது கஷ்டம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். செய்தித்தாள் ஒன்றை மடித்து, இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்து, இரண்டு பக்கமும் இழுங்கள். இடது கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கிக்கொண்டால் அங்கே தசை தளர்ந்திருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்த ஃபிரோமான் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்தித்தாளை வைத்துத்தான் இதைக் கண்டார். புதுச்சேரிக்காரருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது! அப்புறம் இரண்டு புறங்கையையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைப் பாருங்கள். இடது பக்கம் குழி விழுந்திருந்தால் நாளைக்கே கிளம்புங்கள். சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் போகத்தான் வேண்டும். காகிதம் கிழியவில்லை, அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று எனக்கு எழுதாதீர்கள்.

எலும்பு மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ, யாரிடம் போனாலும் சரி. ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டியிருக்கும், ஒரு நாள் லீவு போடுங்கள். கையைப் பார்த்துவிட்டு, நரம்பு எங்கே தடைபடுகிறது என்று மின்சாரத்தால் அளக்கும் நெர்வ் கண்டக்ஷன் சோதனை எழுதுவார்கள். தடை முழங்கையிலா கழுத்திலா என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சர்க்கரையும் பார்ப்பார்கள், ஏனென்றால் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு சீக்கிரம் நசுங்கும்.

இன்னொன்றையும் பார்ப்பார்கள். அதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், அதற்காகச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் அல்நார் நரம்பு பலம் இழந்தால் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது வழக்கம். இந்த நோய் விரும்பிப் பிடிக்கும் நரம்பு இது. முழங்கைக்குப் பின்னால் கயிறு மாதிரி தடித்திருக்கும், உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு அது என்று நான் சொல்லவில்லை, கிட்டார்தான் என்று பந்தயம்கூடக் கட்டுவேன். இருந்தாலும் முதுகை மனைவியிடம் காட்டுங்கள். இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகிவிடும்.

சரி, கிட்டாருக்கு வருவோம். கிளாசிக்கல் கிட்டார் சுமார் ஒன்றரை கிலோ. பிறந்த குழந்தையின் எடைகூட இல்லை. எடையால் உங்கள் நரம்பு நசுங்கவில்லை, தொங்கும் விதத்தால் நசுங்குகிறது. உங்கள் கொக்கி ஸ்ட்ராப் கழுத்தைச் சுற்றி, கிட்டாருக்கு அடியில் வந்து, ஒலித்துளையின் விளிம்பில் மாட்டுகிறது. அவ்வளவுதான் பிடிப்பு. இரண்டு கையையும் எடுத்தால் கிட்டார் முன்னால் கவிழும், தலைப்பக்கம் கீழே போகும். அதைத் தாங்குவது யார்? இடது கை. ஸ்வரம் பிடிக்க வேண்டிய கை சுமைதாங்கி ஆகிவிட்டது. அது களைத்ததும் என்ன செய்வீர்கள்? முழங்கையைப் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றுவீர்கள். மடங்கிய முழங்கை, அதற்கு அடியில் கெட்டிப் பிளாஸ்டிக், நடுவில் நரம்பு, தினமும் ஒன்றரை மணி நேரம். நீங்கள் அப்படி எழுதவில்லைதான், ஆனால் நாற்காலியை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி வரும்போது தவில்காரரைக் கவனியுங்கள். உங்கள் கிட்டாரைப் போலப் பல மடங்கு எடை அவர் தோளில் தொங்குகிறது, கை இரண்டும் அடிப்பதற்கு மட்டும்தான். வீணை வாசிக்கிறவர்கள் குடத்தைத் தரையிலும் சுரைக்காயை இடது தொடையிலும் வைத்துக்கொள்கிறார்கள், இடது கைக்குத் தந்தியை மெட்டில் அழுத்துவது மட்டும்தான் வேலை. எந்த ஸ்ட்ராப் வாங்கினாலும் இதுதான் சோதனை: கிட்டாரை மாட்டிக்கொண்டு இடது கையை எடுத்துவிடுங்கள். கிட்டார் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உங்களுக்கு வேண்டாம். தோலா நைலானா என்பது மருத்துவக் கேள்வியே இல்லை. அகலமாக இருக்கட்டும், பாரம் பிடரியில் விழாமல் தோளில் விழட்டும்.

துளை போடலாமா என்றால், உட்கார்ந்து வாசிக்க அது தேவையே இல்லை. இந்த வாத்தியத்தை உட்கார்ந்தே வாசிப்பது வழக்கம் என்பதால்தான் பட்டன் இல்லாமல் செய்கிறார்கள். தொடையில் வைக்கும் கிட்டார் சப்போர்ட் அல்லது ஒரு கனமான குஷன் இருந்தால், இரண்டு காலும் தரையில் இருக்கும், உங்கள் முதுகுப் பிரச்சினையும் போகும். உறிஞ்சு ரப்பர் வைத்த சப்போர்ட் ஷெல்லாக் (அரக்கு) பாலிஷில் தடம் விடும் என்று கிட்டார் ரிப்பேர் செய்யும் என் நோயாளி ஒருவர் சொல்லியிருக்கிறார், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நின்று வாசிக்கும் ஆசை இருந்தால் இரண்டு இடத்தில் பிடிக்கும் ஸ்ட்ராப்தான் வழி: அடிப்பக்கம் ஒரு பட்டன், கழுத்து உடம்போடு சேரும் குதிகாலில் ஒரு பட்டன். பக்கப்பலகை 2 மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும், உள்ளே இருக்கும் மரக்கட்டையில்தான் திருகு நிற்க வேண்டும். அதனால் வீட்டு டிரில்லை எடுக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். மாத்திரை விஷயத்திலும் இதைச் செய்திருக்கலாம்.

மூன்று வாரமாகத் தினமும் வலி மாத்திரை! வயிற்றைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. அதுவும் அப்பாவின் கதை தெரிந்த நீங்கள். இன்றோடு நிறுத்துங்கள். நரம்பு மாத்திரை என்றால் வெறும் வைட்டமினா, ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மருந்து கலந்ததா என்று அட்டையைப் பாருங்கள். ப்ரீகாபலின் என்றால் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். திடீரென்றும் நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள். வைட்டமின் என்றால் பெரும்பாலும் கேடில்லை, ஆனால் நசுங்கிய நரம்பை அது நிமிர்த்தாது. முழங்கை பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், நசுங்கிய இடத்தை மேலும் நசுக்கத்தான் அது உதவும். ராத்திரி முழங்கை மடங்காமல் இருக்க ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுங்கள். போனை இடது காதில் வைத்துப் பேசுவதை நிறுத்துங்கள்.

கிட்டாரை விட வேண்டியதில்லை. மருத்துவர் பார்க்கும் வரை மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும். அதன் பிறகு எவ்வளவு நேரம் வாசிக்கலாம் என்பதைச் சோதனை முடிவைப் பார்த்து அவர் சொல்வார். அவரிடம் போகும்போது கிட்டாரையும் அந்தக் கொக்கி ஸ்ட்ராப்பையும் எடுத்துக்கொண்டு போய், நீங்கள் வீட்டில் உட்காரும் மாதிரியே உட்கார்ந்து காட்டுங்கள். வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.