டாட்டூ தடித்தால் கண் சிவக்குமா?

கேள்வி: கையில் கறுப்பு மையால் டாட்டூ குத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு வாரமாக இரு கண்களும் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசுகின்றன. கண்வலி என்று நினைத்து சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், குறையவில்லை. டாட்டூவும் இப்போது தடித்து அரிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு என்றே சந்தேகிக்க வேண்டும். சாதாரண கண்வலியில் பீளை கட்டும், இமை ஒட்டும். பீளை இல்லாமல் கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்து, கூச்சமும் மங்கலும் இருந்தால் அது கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சியாக, அதாவது யுவைட்டிஸாக இருக்கலாம். டாட்டூ மைக்கு எதிராக உடல் கிளம்பும்போது தோலும் கண்ணும் சேர்ந்தே வீங்குவதுண்டு. குத்திய சில மாதங்களிலும் வரும், பல வருடம் கழித்தும் வரும். 1969-லேயே ஸ்வீடனில் கோபால்ட் கலந்த இளநீல டாட்டூக்களில் இதைக் கண்டார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு மைதான்.

இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். டாட்டூவைக் கட்டாயம் காட்டுங்கள். சட்டைக்குள் இருப்பதை அவராகக் கேட்க மாட்டார். ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கியில் கண்ணுக்குள் மிதக்கும் அழற்சி செல்கள் தெரியும். உறுப்புகளில், குறிப்பாக நுரையீரலில், அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் என்ற நோயும் இதே மாதிரி தோலையும் கண்ணையும் பிடிக்கும் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும், தடித்த இடத்தில் பயாப்ஸியும் (சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுப்பார்கள். காசநோய், சிபிலிஸ் சோதனைகளையும் தட்டிக் கழிக்காதீர்கள். அவை இருக்கும்போது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நோய் முற்றும்.

வழக்கமாகத் தருவது 1 சதவீத பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு. தொடக்கத்தில் மணிக்கொரு முறைகூடப் போடச் சொல்வார்கள். மருந்து அடியில் படியும், குலுக்காமல் போட்டால் பாதிப் பயன்தான். கூடவே கண்மணியை விரிக்கும் சொட்டும் உண்டு. இரண்டுக்கும் நடுவே 5 நிமிடம் விடுங்கள். விரிக்கும் சொட்டால் கிட்டப் பார்வை மங்கும், ஆனாலும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம். சிவப்பு போனதும் ஸ்டீராய்டைச் சட்டென விட்டால் அழற்சி திரும்பும். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும் என்பதால் அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். சொட்டுக்கு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட்.

கேள்வி: லேசரில் அழித்துவிட்டால் தீருமா?

பதில்: அழற்சி இருக்கும்போது வேண்டாம். லேசர் மையைப் பொடியாக்கிப் பரப்பும், எதிர்ப்பு இன்னும் கூடலாம். சின்ன டாட்டூ என்றால் தோலோடு வெட்டி எடுப்பது சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. அதையும் கண் அடங்கிய பிறகே யோசிக்கலாம்.