கேள்வி நேரம்: குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் குற்றவியல் பட்டப்படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முடித்ததும் நேராக எஸ்.ஐ. ஆகிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். உண்மையா?
(வாசகி, கரூர்)

பதில்: அந்த ‘யாரோ’வைத்தான் நானும் ரொம்ப நாளாகத் தேடுகிறேன். நேர்வழி எதுவும் கிடையாது அம்மா. தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். வணிகவியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் உங்கள் மகனும் ஒரே எழுத்துத் தேர்வை எழுதி, ஒரே மைதானத்தில் ஓடி, கயிறு ஏறித்தான் உள்ளே போகவேண்டும்.

அதற்காகப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், காவல் நிலையத்தில் தொடங்கும் வழக்கு நீதிமன்றம், சிறை என்று எப்படிப் போகிறது, இதற்கு நடுவில் பாதிக்கப்பட்டவரின் கதி என்ன என்பதெல்லாம்தான் அங்கே பாடம். பிடித்துப்போனால் மேற்படிப்புக்கு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தனித் துறைகளே இருக்கின்றன. சேர்க்கும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்துவிட்டது, கொலைக்கான தண்டனை 302-ல் இருந்து 103-வது பிரிவுக்குப் போய்விட்டது; இன்னும் பழைய எண்களையே நடத்தும் கல்லூரி என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: குற்றவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘குற்றப் பகுப்பாய்வு’ என்று ஒரு தாள் வருகிறது. எனக்குக் கணக்கு ஆகாது. தப்பிக்க முடியுமா?
(மாணவர், தேனி)

பதில்: தப்பிக்காதீர்கள் தம்பி, அந்தப் படிப்பிலேயே சுவாரசியமான இடம் அதுதான். குற்றம் எங்கே, எப்போது அதிகம் நடக்கிறது என்று புகார்களை எண்ணிப் பார்ப்பதுதான் அது. பைக் திருட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் காலை 8 மணிக்கு வண்டியை விட்டுப் போனவர் மாலை 6 மணிக்கு வந்து பார்த்தால் காணோம். புகாரில் 6 மணி என்றே பதிவாகிவிடுகிறது. இப்படி ஐம்பது புகார்களை அப்படியே எண்ணினால், ஊரில் உள்ள திருடர்கள் எல்லாம் சரியாக 6 மணிக்குக் கூட்டமாக வருவதுபோலத் தெரியும், ரோந்தும் அந்த நேரத்துக்குத்தான் போடுவார்கள், திருடன் 11 மணிக்கே வேலையை முடித்துவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்! அதனால் ஒரு திருட்டை அந்தப் பத்து மணி நேரத்துக்கும் பத்தில் ஒரு பங்காகப் பிரித்துப் போட்டு, எல்லாப் புகார்களையும் கூட்டிப் பார்த்தால் எந்த நேரத்தில் திருட்டு அதிகம் என்பது தெரியவரும். இதற்கு வகுத்தலும் கூட்டலும் போதும், எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், எண்களைச் சந்தேகப்படவும் பழகிக்கொள்ளுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கையில் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் ஆகப் பெரியது மட்டும்தான் கணக்கில் ஏறும். பாலியல் வன்முறை செய்து கொலையும் செய்திருந்தால் அது கொலைக் கணக்கில் போய்விடும். புகாரை மறுக்காமல் வாங்கும் ஊரில் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று அந்த அறிக்கையே சொல்கிறது, தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

கேள்வி: தடய அறிவியலும் குற்றவியலும் ஒன்றுதானே?
(வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. ரத்தக்கறை, கைரேகை, விஷம் என்று ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பது தடய அறிவியல், அதற்குப் பள்ளியிலேயே அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். குற்றவியல் மனிதர்களையும் அமைப்பையும் பார்ப்பது. வேலை என்று கேட்டால் இப்போது தடய அறிவியலுக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கிறது: ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆள் வேண்டுமே!