ஜூன் நடுவில் ஷாமொனி: லாக் பிளான் ஏரிவரை ஓடலாமா?

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை ஊரான ஷாமொனியில் ஜூன் 15 வாக்கில் ஓடப் போகிறீர்கள் என்றால், ரோப்கார் நிலையமான லா ஃப்ளெஜேரிலிருந்து லாக் பிளான் ஏரிக்கு ஏறுவதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொரு ரோப்கார் நிலையமான பிளான்பிராவிலிருந்து ஃப்ளெஜேர் போகும் கிராண்ட் பால்கன் சூட் மலைப்பாதை போதும். அதிலும் பனி கிடந்தால், கீழே காட்டுக்குள் போகும் பெத்தி பால்கன் சூட் பாதை.

தெற்கு பார்த்த சரிவுதானே, உருகியிருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவு உருகிவிடும். ஏரி இருப்பதோ 2,352 மீட்டரில், பாறை சூழ்ந்த குழிவில். ஃப்ளெஜேரில், 1,877 மீட்டரில், காய்ந்த மண்ணில் கிளம்புவீர்கள். மேலே போகப் போகத்தான் பனித்திட்டு பாதைக்குக் குறுக்கே வரும். காலையில் அது கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும், ட்ரெயில் ஷூவின் ரப்பர் பற்கள் இறங்காது. மதியம் இளகிவிட்டால் கால் புதையும், கீழே ஓடும் தண்ணீர் குடைந்த இடம் என்றால் இன்னும் மோசம்.

முந்தைய நாள் ஊருக்குள் மேசான் த லா மொன்தாஞ் கட்டடத்தில் உள்ள லா ஷாமொனியார்ட் என்ற மலைத் தகவல் அலுவலகத்தில் கேளுங்கள், பாதை நிலவரம் சொல்வார்கள். வெப்கேமை மட்டும் நம்ப வேண்டாம். இடுக்குகளில் தேங்கிய பனி அதில் தெரியாது.

ரோப்கார் கோடைச் சேவை தொடங்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அது ஓடவில்லை என்றால் அடிவாரக் கிராமமான லே பிராவிலிருந்து ஃப்ளெஜேருக்கே 800 மீட்டர் ஏற்றம், அதையும் கணக்கில் சேருங்கள்.